1967 மொறிஸ் மைனர் ட்ரவலர் வாங்கலாமா? மரத்தின் அடி கறுத்திருக்கிறது

கொக்குவிலான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் நோர்தம்ப்டனிலிருந்து எழுதுகிறேன். பெட்ஃபோர்ட் பக்கம் ஒருவர் 1967 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்றை விற்கிறார். பின்பக்கம் மரச்சட்டம் வெளியே தெரிகிற அந்த ஸ்டேஷன் வாகன்தான். 1098 சிசி இஞ்சின், பச்சை நிறம், கேட்கிற விலை 7,200 பவுண். போன ஞாயிறு போய்ப் பார்த்து, ஒரு சின்ன ஓட்டமும் ஓடிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஏன் இவ்வளவு ஆசை என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் நீங்கள் சரியான பதில் சொல்லலாம். ஊரில், யாழ்ப்பாணத்தில், அப்பாவிடம் ஒரு மைனர் இருந்தது. வாகன் இல்லை, நாலு கதவுக் கார், சாம்பல் நிறம். பள்ளிக்கூடம், கோயில், ஆசுபத்திரி எல்லாம் அதில்தான். 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து சனம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் பெற்றோல் இல்லை, காரை முற்றத்தில் விட்டுவிட்டு மழைக்குள் நடந்தோம். திரும்பிப் போனபோது அது அங்கே இல்லை. அப்பா அதைப் பற்றிப் பிறகு பேசியதே கிடையாது. இப்போது அவருக்கு 81 வயது, என்னோடுதான் இருக்கிறார். விளம்பரப் படத்தைக் காட்டியபோது ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டு யன்னல் பக்கம் போய்விட்டார், திருப்பித் தர அரை மணி நேரம் ஆனது.

நான் பார்த்தவை இவை. இஞ்சின் ஒரே சுற்றில் பிடிக்கிறது, புகை இல்லை. பெயின்ற் பளபளப்பாக இருக்கிறது. மரம் தூரத்தில் தேன் நிறம், ஆனால் கிட்டப் போனால் பின்சில்லுக்கு மேலே வளைகிற இடத்திலும் அடிச்சட்டம் முழுக்கவும் கறுத்திருக்கிறது. பின்பக்க இரட்டைக் கதவில் இடப்பக்கத்துக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. விற்பவர், அது மேல்பூச்சில் உள்ள கறைதான், உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்தால் ஒரு நாள் வேலை என்கிறார்.

இந்தக் கறுப்பை நம்பி விடலாமா, பயப்பட வேண்டுமா? வாங்கினால் 1275 இஞ்சின், முன்பக்கம் டிஸ்க் பிறேக், நல்ல ஷொக் அப்சோபர் எல்லாம் போட யோசிக்கிறேன், எதை முதலில் செய்வது? இரண்டு பிள்ளைகள், 5 வயதும் 9 வயதும், பின்னால் இருத்திக் கூட்டிப்போகலாமா? தங்கச்சி ஹரோவில் இருக்கிறாள், லண்டனுக்குள் போனால் ஒவ்வொரு முறையும் காசு கட்ட வேண்டி வருமா? நான் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்ப்பவன், எண்ணெய் மாற்றுவேன், பிளக் மாற்றுவேன், அதற்கு மேல் அனுபவம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மரத்தூள் எழுதியது:

தம்பி, நான் கொவன்றியில் இருக்கிறேன், 16 வருடமாக ஒரு 1969 ட்ரவலர் வைத்திருக்கிறேன், அதன் மரம் முழுவதையும் என் கையாலேயே மாற்றியிருக்கிறேன். ஆகவே இஞ்சினை விட்டுவிட்டு மரத்தில் இருந்து தொடங்குகிறேன்.

ட்ரவலரின் முன்பாதி சாதாரண மைனர்தான், இரும்பு. கதவுக்குப் பின்னால் வருவது முழுவதும் ஆஷ் மரச்சட்டம், அதற்குள் அலுமினியத் தகடு பொருத்தி, மேலே அலுமினியக் கூரை. அந்த மரத்தை எடுத்தால் பின்பாதி நிற்காது. அதனால்தான் இங்கே வாகனம் வீதியில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கிற எம்.ஓ.டி. பரிசோதனையிலும் உக்கிய மரத்தை உக்கிய இரும்பு மாதிரியே பார்த்து ஃபெயில் ஆக்குவார்கள். ஆஷ் ஏன் என்றால், அது உறுதியானது, வளைந்து கொடுக்கும், அதிர்ச்சி தாங்கும். கோடரிப் பிடியும் ஹொக்கி மட்டையும் அதில்தான் செய்தார்கள். ஆனால் ஈரத்தில் அதற்குத் தாக்குப்பிடிக்கும் குணம் கொஞ்சமும் கிடையாது. நம் ஊர்ப் பாலையோ முதிரையோ மாதிரி நினைத்துவிட வேண்டாம். பூச்சு உடைந்து தண்ணீர் உள்ளே போனால் இரண்டு மூன்று மாரியில் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

கறுப்பு எல்லாமே உக்கல் இல்லை. தண்ணீரும் துருப்பிடித்த ஸ்குறூவும் சேர்ந்து கறையாக்கும், அது மேலோட்டமாக இருந்தால் ஒக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசிக் கழுவ வெளுத்துவிடும். ஆனால் அடிச்சட்டமும் சில்லு வளைவும் கறுத்திருக்கிறது, கதவையும் தூக்கிச் சாத்த வேண்டும் என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு நல்லதாகப் படவில்லை. கதவு தொங்குவது என்றால் பிணைச்சல் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அந்தப் பிணைச்சலைப் பிடித்திருக்கிற மூலைத்தூண் மெலிந்திருக்க வேண்டும். பிணைச்சல் என்றால் சின்ன வேலை. தூண் என்றால் அதைக் கழற்ற அதோடு சேர்ந்த எல்லாமே கழரும்.

மறுபடி போங்கள். காய்ந்த நாளாகப் பார்த்துப் போங்கள், மழை நனைந்த மரத்தில் எல்லாமே ஒரே நிறமாகத் தெரியும். முனை மழுங்கிய ஒரு ஸ்குறூட்ரைவர் கொண்டுபோய், விற்பவரிடம் கேட்டுவிட்டு, சட்டங்கள் சந்திக்கிற மூட்டுகளில் அழுத்திப் பாருங்கள். நல்ல ஆஷ் கல் மாதிரி நிற்கும். விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் ஓரிடத்தில் செத்துவிடும், அங்கேதான் உள்ளே கெட்டிருக்கிறது, அல்லது யாரோ புட்டி அடைத்துச் சாயம் பூசியிருக்கிறார்கள். மரத்தின் நரம்பு ஓடிக்கொண்டிருந்து சட்டென்று மறைகிற இடமும் புட்டிதான். நகர்த்துகிற யன்னல் கண்ணாடி ஓடும் பள்ளத்தைப் பாருங்கள், அதில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். பச்சையாக இருந்தால் அதற்குக் கீழே உள்ள சட்டத்தைக் கட்டாயம் குத்திப் பார்க்க வேண்டும். பின்மூலையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். மூட்டுகள் வாய் திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு பாய் ஒன்று விரித்துக் காருக்குக் கீழே படுங்கள். முன்பக்கத்திலிருந்து முன்சீற் வரை ஓடுகிற இரண்டு இரும்புப் பெட்டிச் சட்டங்கள், அவை சேர்கிற குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், காரைத் தூக்க ஜக் வைக்கும் இடம், பின் லீஃப் ஸ்பிறிங்கின் (பட்டை வில்லின்) முன்முனை பிடிக்கும் இடம். மைனர் சாவது இந்த இடங்களில்தான். நல்ல தகட்டின் மேல் தகடு ஒட்டி வெல்டிங் செய்திருந்தால் அதற்குள்ளே பழைய துரு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். கறுப்புத் தார்ப்பூச்சு புதிதாக, தடிப்பாக அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

விலை பற்றி. மரம் முழுவதையும் ஒரு கைதேர்ந்தவரிடம் கொடுத்து மாற்றினால் பல ஆயிரம் பவுண் போகும். அந்த இஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டினாலும் அவ்வளவு வராது. நல்ல இஞ்சினும் கெட்ட மரமும் உள்ள ட்ரவலரை விட, புகை கக்குகிற இஞ்சினும் நல்ல மரமும் நல்ல அடியும் உள்ள ட்ரவலர் எத்தனையோ மடங்கு மேல். இதை மட்டும் மறக்காதீர்கள். பச்சை நிறமும் ஒரே சுற்றில் பிடிக்கிற இஞ்சினும் கண்ணை மறைக்கும், எனக்கும் முதல் காரில் மறைத்தது, அதற்கு விலையாக இரண்டு குளிர்காலம் கொட்டகையில் நின்றேன்.


சுன்னாகம் கராஜ் எழுதியது:

ஊரிலிருந்து, சுன்னாகத்திலிருந்து எழுதுகிறேன். மரத்தூள் அண்ணை சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை, ஒரு அனுபவத்தை மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் கராஜுக்கு ஒருமுறை கண்டிப் பக்கமிருந்து ஒரு ட்ரவலர் வந்தது. மழைத்தண்ணீர் பாதி, கறையான் பாதி, பின்பக்கம் தூளாக உதிர்ந்தது. ஆஷ் மரத்துக்கு எங்கே போவது? நல்ல தச்சர் ஒருவரைப் பிடித்து, பழைய துண்டுகளை அச்சாக வைத்து, முழுவதையும் தேக்கில் செய்தோம். கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் இரண்டு வருடத்தில் மூட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துவிட்டன. தேக்கில் எண்ணெய் இருக்கிறது, பசை பிடிக்காது, ஒட்டுவதற்குச் சற்று முன்பு தின்னர் போட்டு அழுத்தித் துடைத்திருக்க வேண்டும். தச்சர் வீட்டுக் கதவுக்குச் செய்கிற மாதிரிச் செய்தார், நாங்களும் கேட்கவில்லை, பிழை எங்களுடையதுதான். திரும்பக் கழற்றித் துடைத்து ஒட்டி, துருப்பிடிக்காத ஸ்குறூ போட்ட பிறகு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. நீங்கள் அங்கே இருப்பதால் வெட்டித் தயாராக்கிய ஆஷ் துண்டுகளை வாங்கலாம், அந்த வசதி இருக்கும்போது வேறு மரத்தைத் தேட வேண்டாம்.

இஞ்சினை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். என் கருத்து வேண்டாம் என்பதுதான். தொண்ணூறுகளில் போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது இங்கே கார்களை என்ன குடிக்க வைத்து ஓடினோம் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து ஒரு குழாய், அதில் ஸ்டார்ட் செய்து இஞ்சின் சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கம்பிரெஷன் குறைந்த இஞ்சின்கள் என்பதால் ஒஸ்ரின் ஏ40 காரும் மைனரும் அதைத் தாங்கின. பிளக் கரி பிடிக்கும், மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும், எண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அந்த நிலையிலும் நோயாளியை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்த இஞ்சின்கள் அவை. ஒரு பொயின்ற், ஒரு கொண்டென்சர், ஒரு எஸ்.யூ. காபரேற்றர். பிழை வந்தால் தெருவோரத்தில் வைத்தே கண்டுபிடிக்கலாம். 1098 அப்பாவுக்குப் பழகிய சத்தத்தில் ஓடட்டும்.

இன்னொன்று, அங்கே மைனருக்குத் தகடு வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வெயார் இலங்கையில்தான் மைனர் தகடுகளைச் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். தீவில் அந்த வேலை தெரிந்த கைகள் அவ்வளவு இருந்தன. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை.


நீளப்பயணம் எழுதியது:

லெஸ்டரிலிருந்து. என் ட்ரவலர் காட்சிக்கு நிற்பதில்லை, வேலைக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறது, எம்1 நெடுஞ்சாலையும் சேர்த்து. அதனால் சுன்னாகம் அண்ணா சொன்னதில் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

1098க்கு ஒரு குறையும் இல்லை, உண்மை. ஆனால் அது வெளிவந்த காலத்து வீதியில் நாம் ஓடவில்லை. முன்னால் போகிறவன் நவீனக் காரில் பிறேக் மிதித்தால் அவன் நிற்கிற தூரத்தில் நாமும் நிற்க வேண்டும். 1962க்குப் பிறகு வந்த 1098 மைனர்களில் முன்பக்கம் 8 அங்குல ட்ரம், பின்பக்கம் 7 அங்குலம், மிதிக்கு உதவி செய்கிற சேர்வோ கிடையாது. சரியாக அட்ஜஸ்ட் செய்திருந்தால் ஒருமுறை நன்றாகவே பிடிக்கும். பிள்ளைகளும் சாமானும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தால் மிதி கனத்துப் போய்க் கார் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்கு நடந்திருக்கிறது, பின்னால் மகள் இருந்தாள், அடுத்த கிழமையே டிஸ்க் போட்டேன்.

எனவே காசு செலவழிக்கிற ஒழுங்கை நான் சொல்வேன். வாங்கியவுடன் ஐந்து சதமும் மேம்பாட்டுக்குப் போகக்கூடாது. முதலில் முன்சில்லுகளைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மைனரின் முன்பக்கத்தில் ட்ரனியன் என்று ஒன்று இருக்கிறது, சில்லு திரும்புகிற அச்சாணி அதில் மரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. கிறீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்துபோனால் அச்சாணி கழன்று சில்லு அப்படியே பக்கவாட்டில் மடிந்துவிடும். மைனர்க்காரர் எல்லோரும் பயப்படுகிற விஷயம் இது, தடுப்பதற்குத் தேவையானது ஒரு கிறீஸ் துப்பாக்கிதான். ஆயிரம் மைலுக்கு ஒருக்கால், சில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு அடியுங்கள், சில்லில் பாரம் இருக்கும்போது அடித்தால் கிறீஸ் போக வேண்டிய பக்கம் போகாது.

பிறகு பிறேக் குழாய்கள், மிதிக்கும்போது பிறேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர். அந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, பெட்டிச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி ஒரு மூடியைத் திறந்துதான் எண்ணெய் ஊற்ற வேண்டும், பலர் அங்கே ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். கழற்றுவது பெரிய தொல்லை, ஆணியை இழுக்கிற வழியில் டோர்ஷன் பார் (முன்சில்லுக்கு ஸ்பிறிங்காக வேலை செய்கிற இரும்புக் கம்பி) குறுக்கே நிற்கும். அதனால் டிஸ்க் போடுகிற அன்றைக்கே இதையும் முடித்துவிடுங்கள். டிஸ்க்குக்கு மொறிஸ் மறினாவின் முன்பாகங்களை எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு, இப்போது பூட்டுவதற்குத் தயாரான கிற்றும் கிடைக்கிறது. சேர்வோவும் சேர்த்துப் போட்டால் மிதி இலேசாகும்.

அதற்கடுத்தது ரயர், 145 ஆர் 14 ரேடியல். இது மலிவு, வித்தியாசம் பெரிது. அப்புறம் ஷொக் அப்சோபர். பழைய நெம்புகோல் வகை நல்ல நிலையில் இருந்தால் விட்டுவிடலாம், எண்ணெய் கசிந்தால் டெலிஸ்கோப்பிக் கிற்றுக்கு மாற்றுங்கள். நீங்கள் நெடுஞ்சாலையில் ஓடுவதாக இருந்தால் இஞ்சினுக்கு முன்பு பின் அச்சின் டிஃப்பை, அதாவது சில்லுகளைச் சுழற்றுகிற பற்சக்கரப் பெட்டியை, மாற்றுவது பற்றி யோசியுங்கள். 1098இல் அதன் விகிதம் 4.22, 60 மைல் வேகத்தில் இஞ்சின் நாலாயிரம் சுற்றுக்குக் கிட்ட ஓடிக்கொண்டிருக்கும், பேச்சுக் கேட்காது. எம்.ஜி. மிட்ஜெட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 3.9 போட்டால் கார் மூச்சு விடும்.

1275 எல்லாவற்றுக்கும் கடைசி. 1098 போல அதே ஏ சீரிஸ் இஞ்சின் குடும்பம், மிட்ஜெட்டிலிருந்தும் மறினாவிலிருந்தும் எடுப்பார்கள், சில தகடுகளையும் சம்பையும் (அடி எண்ணெய்த் தொட்டியையும்) மாற்றிப் பொருத்தலாம், ஓடும்போது அருமையாக இருக்கும். ஆனால் பழைய ட்ரம் பிறேக்கோடு 1275 போட்ட கார் விற்பனைக்கு வந்தால் அதைத் தொடவே வேண்டாம். எதை மாற்றினாலும் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மின்சாரம் தருகிற பழைய டைனமோவை எடுத்துவிட்டு அதிகம் தருகிற ஆல்டர்னேற்றர் போடுவதும் நல்ல வேலை, குளிர்காலத்தில் லைற், வைப்பர், ஹீற்றர் மூன்றும் சேர்ந்து போடும்போது தெரியும். ஆனால் பழைய மைனர்களில் பெற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் இரும்பு உடலுக்குப் போகிறது, நெகட்டிவ் இல்லை. அதைப் பார்க்காமல் ஆல்டர்னேற்றரையோ புது ரேடியோவையோ பூட்டினால் அதே நொடியில் எரியும்.

பிள்ளைகள் பற்றி. 1967 காரில் முன்னுக்கு பெல்ற் இருக்கும், பின்னுக்கு இருக்காது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெல்ற் இல்லாத பழைய காரில் பின்சீற்றில் போவதைச் சட்டம் அனுமதிக்கிறது, மூன்றுக்குக் குறைந்தவர்களைக் கூட்டிப்போகவே முடியாது. சட்டம் அனுமதித்தாலும் நான் கூட்டிப்போக மாட்டேன். ட்ரவலரின் பின்சீற் மடிந்து தட்டையாகிற சீற், அதற்குப் பின்னால் இருப்பது மரம்; பெல்ற்றை மரத்தில் பூட்டக்கூடாது, அடியில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டும். என் காரில் செய்திருக்கிறேன், படம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

லண்டன் கவலை வேண்டாம். யூலெஸ் என்ற புகைக் கட்டணம் 2023 ஓகஸ்ட் 29 முதல் ஹரோ உட்பட லண்டனின் எல்லா பறோவுக்கும் (நகரப் பிரிவுக்கும்) வந்தது, ஆனால் 40 வருடம் கடந்து ஹிஸ்றோறிக் (பழமையான வாகனம்) வகையில் பதிந்த காருக்குக் கட்டணம் இல்லை. அந்த வகைக்கு வீதி வரியும் இல்லை, ஆனால் வருடா வருடம் விண்ணப்பம் மட்டும் செய்ய வேண்டும். அது ஹிஸ்றோறிக் என்று பதிந்திருக்கிறதா என்று விற்பவரின் பத்திரத்தில் பாருங்கள், வயது வந்ததும் தானாக மாறாது. எம்.ஓ.டி.யும் 2018 மே மாதத்திலிருந்து கட்டாயமில்லை. இருந்தாலும் நான் வருடம் ஒருமுறை காசு கட்டிச் செய்கிறேன், இன்னொருவர் கண்ணும் அடியில் படட்டும் என்று.


சுன்னாகம் கராஜ் எழுதியது:

பிறேக் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், நீளப்பயணம். இங்கே எங்கள் வேகம் வேறு, உங்கள் வீதி வேறு. நான் இஞ்சினைத்தான் சொன்னேன்.


கொக்குவிலான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். பதில்களை அச்சடித்துக் கையில் வைத்திருந்தேன்.

விற்பவரிடம் அனுமதி கேட்டபோது முகம் மாறியது, ஆனால் மறுக்கவில்லை. இடப்பக்கப் பின்மூலையின் அடியில் ஸ்குறூட்ரைவரை வைத்து அழுத்தினேன், பலம் போடவே இல்லை, ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது முனையில் ஈரமான கறுப்புத் தூள். சில்லு வளைவில் தட்டிக்கொண்டு போகச் சத்தம் மாறிய இடத்தில் உற்றுப் பார்த்தால் நரம்பு இல்லை, சாயம் பூசிய புட்டி. கீழே படுத்துப் பார்த்தேன், குறுக்குச் சட்டத்தின் வலது முனையில் தகட்டுக்கு மேல் தகடு, அதற்கு மேல் புதுத் தார். அப்பா காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, பின்கதவைத் தூக்கிச் சாத்திப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் தம்பி" என்று மட்டும் சொன்னார். வரும் வழியில் நான் ஒன்றும் பேசவில்லை. அவர்தான் என் தோளில் தட்டி, இன்னொன்று கிடைக்கும் என்றார்.


மரத்தூள் எழுதியது:

நல்ல முடிவு. மைனர் 1948இலிருந்து 1971 வரை 16 லட்சம் செய்தார்கள், ட்ரவலர் 1953இலிருந்து. இங்கே இன்னும் நிறைய மிஞ்சியிருக்கிறது. அவசரப்படாமல் மரத்துக்குச் சான்று உள்ளதைத் தேடுங்கள். மாற்றியிருந்தால் யார், எப்போது, வேலை நடந்தபோது எடுத்த படம். படம் இல்லாத புது மரத்தை நான் நம்புவதில்லை, பழைய அடிச்சட்டத்தின் மேல் வெளியே மட்டும் புதுத் துண்டு ஒட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.


கொக்குவிலான் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வாங்கிவிட்டோம்.

டாபிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம், 1970 ட்ரவலர், ட்ரஃபல்கர் நீலம். நீலம் பல இடங்களில் மங்கிப்போய் இருக்கிறது, முன் மட்காட் ஒன்றில் துரு, இஞ்சின் நீலப்புகை விடுகிறது, எண்ணெய் குடிக்கிறது. ஆனால் எட்டு வருடத்துக்கு முன்பு மரம் முழுவதும் மாற்றிய படங்கள் ஒரு அல்பம் நிறைய இருக்கின்றன, மரம் இல்லாமல் பின்பாதி வெறுமையாக நிற்கிற படம் உட்பட. எல்லா மூட்டிலும் அழுத்தினேன், கல் மாதிரி நின்றது. யன்னல் பள்ளம் காய்ந்து சுத்தமாக இருந்தது, அவர் ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்வாராம். அடியில் ஒரே ஒரு இடத்தில், இடது ஜக் வைக்கும் இடத்தில், வெல்டிங் வேலை இருக்கிறது. கடைசி விலை 5,300 பவுண்.

முதல் கியருக்கு, ஓடும்போதே கியர் விழ உதவுகிற சிங்க்ரோ இல்லை என்பது எனக்குத் தெரியாமல், கார் உருளும்போது போடப் பார்த்தேன், அப்பா பக்கத்திலிருந்து "நிக்கட்டும், நிண்டாப் பிறகு போடு" என்றார். 30 வருடமாக அவர் ஒரு கியரைத் தொட்டதில்லை.

இப்போது இரண்டு கேள்வி. மரத்தின் பூச்சு சில இடங்களில் செதிள் செதிளாக எழும்புகிறது, அதன் மேலேயே வார்னிஷ் அடிக்கலாமா? இஞ்சினைப் பிரிக்கிறபோது ஈயம் இல்லாத பெற்றோலுக்காக எதையாவது செய்ய வேண்டுமா?


மரத்தூள் எழுதியது:

மேலே அடிக்க வேண்டாம். செதிள் எழும்புகிற இடத்துக்கு அடியில் தண்ணீர் ஏற்கனவே போயிருக்கிறது, மூடினால் உள்ளே அடைபடும். எழும்பியது முழுவதையும் சுரண்டி எடுத்து, நரம்பு ஓடுகிற திசையிலேயே உப்புத்தாள் போட்டு, கறை இருந்தால் ஒக்சாலிக் அமிலம் பூசி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நன்றாகக் கழுவி, ஒரு கிழமை கொட்டகைக்குள் காயவிடுங்கள். அவசரம் கெடுக்கிறது இந்த இடத்தில்தான். காய்ந்த பிறகு உக்கல் தடுக்கிற மருந்து, அதிலும் மூட்டுகளிலும் வெட்டுமுனைகளிலும் குடிக்கிற மட்டும் விடுங்கள். அதன் பிறகு தடித்த வார்னிஷ் வேண்டாம், அது கண்ணாடி மாதிரி இறுகி மரம் அசையும்போது வெடிக்கும். மரம் மூச்சு விடக்கூடிய மைக்ரோபோறஸ் பூச்சு, மெல்லிசாக மூன்று தரம். வருடம் ஒருமுறை ஒரு சனிக்கிழமை ஒதுக்கி மேலால் ஒரு தரம் பூசிக்கொண்டு வந்தால் உங்கள் பிள்ளைகள் ஓடுகிற காலம் வரைக்கும் அந்த மரம் நிற்கும்.


நீளப்பயணம் எழுதியது:

இஞ்சின் தலையைக் கழற்றுகிறபோது எக்ஸோஸ்ற் வால்வு (புகை வெளியேறும் வால்வு) உட்காரும் இடத்துக்குக் கடினமான வளையம் போடச் சொல்லுங்கள், அதோடு ஈயப் பிரச்சினை முடிந்தது. அதுவரை பெற்றோலோடு கலக்கிற மருந்தை ஊற்றிக்கொண்டு மெதுவாக ஓடுங்கள். பெற்றோல் அடிக்கும்போது சாதாரணமானதை எடுக்காதீர்கள், 2021 செப்டெம்பரிலிருந்து இங்கே அது ஈ10, பத்து வீதம் வரை எதனோல் கலந்தது, பழைய றப்பர் குழாய்களை அரிக்கும். சூப்பர் என்று விற்பதைத்தான் எடுங்கள், அது ஈ5. குழாய்களையும் எப்படியும் புதிதாக மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை.


கொக்குவிலான் எழுதியது:

குழாய்கள் வாங்கிவிட்டேன். உப்புத்தாள் வேலையை அப்பா தனக்கு வேண்டும் என்று கேட்டு எடுத்துக்கொண்டார், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், கதிரை போட்டு உட்கார்ந்து செய்கிறார், சின்னவள் பக்கத்தில் நின்று தூளைத் துடைக்கிறாள்.

இன்று காலை முதல்முறையாகச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் பண்ணவில்லை. எஸ்.யூ. பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, பெற்றோல் நிரம்பியதும் மெதுவாகி நின்றது. நிறுத்தித் திரும்பத் திருப்பினார். அதே சத்தம். "கேட்டியா, பம்ப் அடிக்குது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.


சுன்னாகம் கராஜ் எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ட்ரனியனுக்குக் கிறீஸ் அடித்துவிட்டீர்களா?


கொக்குவிலான் எழுதியது:

அடித்துவிட்டோம் அண்ணா, இரண்டு பக்கமும், சில்லைத் தூக்கி வைத்து.